பழைய மூடி, புதுக் காந்தம்

மண்டபம் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, தனுஷனின் கிற்றாரிலிருந்து வயரைப் பிடுங்கியவள் றெபேக்கா. இணுவிலில் ஒரு கலியாண வரவேற்பு. மூன்று வருடமாக அவளுடைய இசைக்குழுவில் இரண்டாவது கிற்றாராக நின்று, அவள் பாடினாலும் வாசித்தாலும் பின்னால் தாளத்துக்கு உரசிக்கொண்டிருந்தவனுக்கு அன்றுதான் தனியே வாசிக்க ஓரிடம் கிடைத்திருந்தது. அவனுக்கு நிச்சயம் பண்ணியிருந்த மிரியம் தாயோடு வந்து முன்வரிசையில் இருந்தாள். அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தத்தைப் பெருக்குகிற அம்ப்பின் குமிழை ஒரு சொட்டுக் கூடத் திருகிவிட்டிருந்தான். தொடங்கி வேகம் பிடிப்பதற்குள் சத்தம் பட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் வயரின் முனை றெபேக்காவின் கையில்.

மற்றக் கையால் அவள் மைக்கை எடுத்தாள்.

“குறை நினைக்காதேங்கோ. சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆக்களும் இருக்கினமெண்டு இவருக்குச் சொல்ல மறந்துபோனன்.”

மண்டபம் சிரித்தது. மாலையோடு நின்ற மாப்பிள்ளை சிரித்தான். மிரியமும் சிரித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். தனுஷன் வயரைத் திருப்பிக் குத்திக்கொண்டு மிச்சப் பாட்டுகளுக்கு வழக்கம்போல உரசிக்கொடுத்தான். வேறு என்ன செய்வது? பாட்டு நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் மிரியம் போனில் கேட்டாள்: “அவ பகிடிக்குத்தானே சொன்னவ. அதுக்கேன் நீங்கள் கதையாமல் இருக்கிறியள்?”

“பகிடிதான்,” என்றான் தனுஷன்.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணம் நகரில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் கடையில் வேலை. கொக்குவிலில் தாயோடு இருந்தான். கடையில் சங்கிலியும் பிறேக் கட்டையும் எடுத்துக் கொடுத்த கைகளை எண்ணெய் போகத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒவ்வொரு நாளும் பொழுதுபடக் கிற்றாரோடு குந்துவான். மற்றவர்களிடம் இல்லாத ஒன்று அவனிடம் இருக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டும் என்பதுதான் ஆசை. யாராவது என்றால் யாராவது அல்ல. றெபேக்கா சொல்லவேண்டும்.

அதற்குக் காரணம் அவளுடைய காது. குடாநாட்டில் மேடை ஏறுகிற ஆட்களுக்குள் அந்தக் காதைப் பற்றி இரண்டு கருத்துக் கிடையாது. அவளும் கொக்குவில்காரிதான்; மெதடிஸ்ற் குடும்பம். சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாத வீட்டில், தமையன் கிருபைரட்ணம் லண்டனுக்குப் போகும்போது விட்டுப்போன ஒரு பெட்டிக் கசெற்றுகளை, சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றித்தான் அவள் கேட்டாள். கை ஓய்ந்தால் பாட்டின் சுருதி இறங்கிப்போகும். கெதியாகச் சுற்றினால் பாடுகிறவன் சின்னப் பிள்ளை மாதிரிக் கீச்சிடுவான். சரியான சுருதியில் நிறுத்துவதற்கு ஒரு சிறுமியின் கையும் காதும் சேர்ந்து பழகியது அப்படித்தான். அந்தக் கசெற்றுகளில் இருந்தது கனத்த புளூஸ். நெஞ்சில் கல்லை வைத்தது மாதிரி நின்று நின்று அழுகிற கிற்றார். நாற்பத்துமூன்று வயதிலும் அவள் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். பகலில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுப்பாள். கலியாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசிப்பாள். ஆவணியில் வெளிநாட்டுச் சனம் வந்து நிறையும்போது நகரத்து விடுதி ஒன்றில் சனிக்கிழமைகளில் புளூஸ் வாசிக்க விடுவார்கள். அதற்காகத்தான் மற்றதெல்லாம்.

காது எப்படியோ வாயும் அப்படி. ட்றம்ஸ் அடிக்கிற றஜிந்தன் ஒரு முறை காய்ச்சலோடு வந்து தாளம் ஓடவிட்டான் என்று, அடுத்த இரண்டு கலியாணத்துக்கும் அவனை விட்டுவிட்டுத் தாள மெசின் கொண்டுபோனாள். “மெசின் நேரத்துக்கு வரும், நேரத்துக்கு நிக்கும், புரியாணி கேக்காது,” என்றாள். பேஸ் கிற்றார் வாசிக்கும் யாகப்பு ஐம்பது தாண்டிய சாதுவான மனிதர். அவருடைய மனைவி பிலோமினாவை அடக்கம் பண்ணிய கிழமை, வீட்டிலிருந்தால் விசர் பிடிக்கும் என்று ஒத்திகைக்கு வந்தார். ஒரு பாட்டில் பிந்திவிட்டார். “மனிசி செத்தாலும் தாளம் சாகக் கூடாது, யாகப்பு அண்ணை,” என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். யாகப்பு திரும்பத் தொடக்கத்திலிருந்து வாசித்தார்.

ஒத்திகை நடப்பது யாகப்புவின் வீட்டுக் கொட்டிலில்தான். அந்த வருடம் சித்திரை தொடங்கி அங்கே ஒரே கதை: பிக்கப்.

றெபேக்காவின் கிற்றார் கொழும்பில் பழையதாக வாங்கிய கொரியக் கிற்றார். மரம் நல்ல மரம், பாரம். ஆனால் தந்திகளுக்குக் கீழே பூட்டியிருந்த இரண்டு பிக்கப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை. காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பியை மயிரிழை போலச் சுற்றி, மேலே வெள்ளிநிற மூடி போட்ட சாமான் அது. தந்தி அதிர்வதை அதுதான் மின்சாரமாக்கி அம்ப்புக்கு அனுப்புகிறது. அது எதைக் கேட்கிறதோ அதைத்தான் சனமும் கேட்கும்.

“உதுக்குள்ளை இருக்கிறது செரமிக் காந்தம்,” என்பாள். “கம்பியையும் அள்ளிச் சுத்தியிருக்கிறாங்கள். மெல்லத் தொட்டாலும் ஒரே கத்தல், ஓங்கி அடிச்சாலும் ஒரே கத்தல். கூழ் மாதிரி எல்லாம் கலங்கிப்போய் வருது. புளூசுக்கு உது சரிவராது. மெல்லத் தொட்டால் முனகோணும். அடிச்சால் கிழியோணும். வொலியூமைக் குறைச்சால் தெளியோணும்.”

தனுஷனுக்கு அந்தக் கத்தல்தான் பிடிக்கும். “கனமான சத்தம் வேணுமெண்டால் பவர் கூடினதுதானே அக்கா போடோணும்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டான்.

“கனம் வேறை, சத்தம் வேறை. உன்ரை காதுக்கு உரல் இடிச்சாலும் மிருதங்கம் வாசிச்சாலும் ஒண்டுதான்.”

றஜிந்தன் சிரித்தான். தனுஷனும் சிரித்துவைத்தான்.

கடைசியில் அவள் தெரிந்தெடுத்தது அல்னிகோக் காந்தம் போட்ட ஒரு சோடி. கழுத்துப் பக்கத்துக்கு மென்மையான காந்தம், கம்பிச் சுற்றும் குறைவு. தந்திகள் ஊன்றி நிற்கிற பாலத்துப் பக்கத்துக்கு அதைவிட இறுக்கமான காந்தம், கொஞ்சம் கூடின சுற்று. அம்ப்பைக் கூட்டி வைத்தால் கீச்சிடாமல் இருக்க மெழுகில் தோய்த்தது. போனில் நூறு கிற்றார்காரரின் வாசிப்பைக் கேட்டு, நூறையும் திட்டி, பிறகுதான் முடிவெடுத்தாள். தமையன் கிருபைரட்ணம் வாங்கி, ஊருக்கு வந்த ஒரு சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார். சின்னப் பெட்டியைத் திறந்து காட்டியபோது றெபேக்காவின் முகத்தில் தனுஷன் அதுவரை காணாத ஒரு வெட்கம் இருந்தது.

அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அவனுக்கு அந்த எண்ணம் வந்தது.

சோல்டர் பண்ணி மாற்றுவதற்கு, கொக்குவில் சந்தியில் ரேடியோ, அம்ப் எல்லாம் திருத்துகிற தில்லைநாதனிடம் கிற்றாரையும் பெட்டியையும் கொடுத்துவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். “பின்னேரம் நீங்களே எடுத்துக்கொண்டு வாங்கோ,” என்று தனுஷனுக்கும் றஜிந்தனுக்கும் சொல்லியிருந்தாள். அவர்கள் பின்னேரம்வரை காத்திருக்கவில்லை. தனுஷன் கடையில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு, தன்னுடைய கிற்றாரையும் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

“தில்லையண்ணை, ஒரு பகிடி,” என்றான் றஜிந்தன்.

தில்லைநாதன் கேட்டார். அவளுடைய பழைய பிக்கப்பின் மூடியைக் கழற்றி, புதிய பிக்கப்பின் பளபளக்கும் மூடியை அதற்குப் போடவேண்டும். அதை அவளுடைய கிற்றாரிலேயே திருப்பிப் பூட்டவேண்டும். புதிய பிக்கப்புக்குப் பழைய மூடியைப் போட்டுத் தனுஷனின் கிற்றாரில் பூட்டவேண்டும். அவள் வாசித்துப் புகழ்ந்து முடித்ததும் உண்மையைச் சொல்லிச் சிரித்துவிட்டு, மாற்றிக் கொடுத்துவிடலாம். ஒருநாள் கூத்து.

தில்லைநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன வருடம் இதே கடையில், வாடிக்கையாளர்கள் நிற்க, அவருடைய சோல்டரைப் பார்த்து, “காகம் எச்சம் போட்ட மாதிரிக் கிடக்கு,” என்று றெபேக்கா சொல்லியிருந்தாள்.

“மூடியைக் கழட்டேக்கை கம்பி அறுந்தால் நான் பொறுப்பில்லை,” என்றார். கம்பி அறவில்லை. மூடி மாறுவதை றஜிந்தன் போனில் படம் பிடித்துக்கொண்டான். அவர் அவ்வளவு கவனமாக வேலை செய்து தனுஷன் பார்த்ததில்லை.

பின்னேரம் கொட்டிலில் வைத்து யாகப்புவுக்கும் சொன்னார்கள். அவர் பேஸ் கிற்றாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், “சரி,” என்றார்.

றெபேக்கா பாமசி உடுப்போடு நேரே வந்தாள். கிற்றாரைக் கையில் வாங்கி, மூடிகளின் பளபளப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். வயரைக் குத்தினாள். றஜிந்தன் போனைப் பிடித்தபடி, “லண்டன் அண்ணைக்கு அனுப்ப ஒருக்கா எடுப்பமே அக்கா?” என்று கேட்டான். அவள் தலையாட்டினாள்.

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். ஒரு தந்தியை அடித்து வளைத்துப் பிடித்து, அது அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“உதுதான். கேட்டியளே? ஒவ்வொரு தந்தியும் தன்ரை பாட்டிலை நிக்குது. முந்தி எல்லாம் ஒரு கூழ். இப்ப பாருங்கோ, தொட்டால் தொட்டது கேக்குது. அண்ணை, உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை. காந்தம் எண்டால் இதுதான் காந்தம்.”

றஜிந்தன் உதட்டைக் கடித்துக்கொண்டு போனை ஆடாமல் பிடித்தான். தனுஷனின் வயிற்றுக்குள் சிரிப்பு குமிழியிட்டது. அவ்வளவு சந்தோசமாக அவன் அந்தக் கொட்டிலில் ஒருநாளும் இருந்ததில்லை. இன்னும் ஒரு பாட்டு. பிறகு சொல்லிவிடலாம்.

மெதுவான புளூஸ் ஒன்றைத் தொடங்கினார்கள். அவள் பாடினாள். நடுவில், எதையோ யோசித்தவள் போலத் திரும்பி, “தனுஷன், நீ எடு,” என்றாள்.

அவன் எடுத்தான். பகிடி இன்னும் வயிற்றில் இருந்ததாலோ என்னவோ கை பதறவில்லை. தந்தியை வளைத்தான், அது வளைந்த இடத்திலேயே நின்று அழுதது. அவசரமில்லாமல் அடுத்ததுக்குப் போனான். மெல்லத் தொட்டபோது அது மெல்லப் பேசியது. ஓங்கியபோது கிழிந்தது. தான் வாசிப்பதை அவனே முதல்தடவை கேட்டான். பாட்டு முடிந்து சத்தம் அடங்கியபோது றெபேக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இண்டைக்குத்தான் நீ வாசிச்சனி,” என்றாள். “இவ்வளவு நாளும் ஓடிக்கொண்டிருந்தனி. இண்டைக்கு நிண்டு வாசிச்சனி. வளைச்சதைப் பிடிச்சு வைச்சிருந்தாய், பார், அது ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்க ஏலாது.”

அவள் குரலில் பகிடி இல்லை. றஜிந்தன் தனுஷனைப் பார்த்துக் கண்ணடித்தான். இப்போது சொல்லவேண்டும். தனுஷன் வாயைத் திறந்தான்.

“தாங்ஸ் அக்கா,” என்றான்.

வெளியே வந்ததும் றஜிந்தன் பிடித்துக்கொண்டான். “டேய், ஏன் சொல்லேல்லை?”

“அடுத்த கிழமை சொல்லுவம்.”

அடுத்த கிழமையும் சொல்லவில்லை. அதற்கடுத்த கிழமை, “விடுதி நிகழ்ச்சி முடியட்டும்,” என்றான். ஆவணி முதல் சனிக்கிழமை விடுதியில் றெபேக்கா அவனுக்கு இரண்டு பாட்டில் தனி வாசிப்புக் கொடுத்தாள். மைக்கில் அவனுடைய முழுப்பெயரையும் சொன்னாள். மிரியம் எழுந்து நின்று கைதட்டினாள். வீட்டுக்குப் போனபின், பழைய மூடி போட்ட பிக்கப்புகளைத் தனுஷன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்து வைத்திருந்தது விரலா, காந்தமா? தந்தி அவ்வளவு நேரம் நின்று அழுவதற்குக் காந்தம் வேண்டும்தான். ஆனால் அவசரப்படாமல் நின்றது யார்? இதைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு என்ன கேட்கும் என்று நினைக்கவே பயமாயிருந்தது.

“அந்த வீடியோவை அழிச்சுவிடு மச்சான்,” என்று றஜிந்தனிடம் கெஞ்சினான். “பகிடி முடிஞ்சுது. விடு.”

“உனக்கு முடிஞ்சுது,” என்றான் றஜிந்தன். “உன்னை அவ தூக்கி வைச்சிட்டா. எனக்கு?”

அடுத்த கலியாணத்துக்குத் தாள மெசின்தான் என்று றெபேக்கா அறிவித்த மறுநாள் காலையில் வீடியோ வெளியே வந்தது. அதைத் தனுஷனுக்கு முதலில் அனுப்பியவள் மிரியம். கண்ணீர் வரச் சிரிக்கிற முகங்கள் ஒரு வரிசை போட்டு அனுப்பியிருந்தாள். கடையில் நின்று பார்த்தான். முதலில் றெபேக்கா கண்ணை மூடிக்கொண்டு தமையனுக்கு நன்றி சொல்கிறாள். பிறகு தில்லைநாதனின் மேசை. பழைய பிக்கப்புக்குப் புது மூடி ஏறுகிறது. பிறகு திரும்ப அவள்: “காந்தம் எண்டால் இதுதான் காந்தம்.” அதை மட்டும் றஜிந்தன் மூன்று நான்கு தரம் திருப்பித் திருப்பிப் போட்டிருந்தான். பின்னால் கழுதை கத்துகிற சத்தம் ஒன்றும் சேர்த்திருந்தான்.

அத்தோடு முடியவில்லை. கடைசியில் தனுஷன் வந்தான். வாசிக்கிறான். “இண்டைக்குத்தான் நீ வாசிச்சனி,” என்கிறாள் றெபேக்கா. தனுஷன் வெட்கப்பட்டுச் சிரிக்கிறான். அவனுடைய முகத்துக்குக் குறுக்கே எழுத்து ஓடியது: அது காந்தம் மச்சான், கை இல்லை.

மிரியத்துக்கு போன் எடுத்தான். “நீர் கடைசி வரைக்கும் பாத்தனீரே?”

“இல்லை, அவ கதைக்கிறது மட்டும்தான் பாத்தனான். ஏன், பிறகும் இருக்கே?”

இரண்டு நாளைக்குள் பருத்தித்துறையிலிருந்து லண்டன்வரை அது போய்வந்தது. கீழே எழுதியவர்களில் பாதிப்பேர் றெபேக்காவிடம் ஒருகாலத்தில் பேச்சு வாங்கியவர்கள். பிறகு பெடியங்கள் பாமசிக்குப் போகத் தொடங்கினார்கள். “அக்கா, காதுக்கு விடுற துளிமருந்து இருக்கோ?” என்று ஒருவன் கேட்பான். வெளியே மோட்டார் சைக்கிளில் நிற்பவர்கள் படம் பிடிப்பார்கள். முதல் நாள் அவள் உண்மையாகவே மருந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நோயாளிகளுக்கு இடைஞ்சல் என்று முதலாளி அவளைக் கொஞ்ச நாளைக்குப் பின்னாலுள்ள சாமான் அறையில் பெட்டி உடைக்க விட்டுவிட்டார். இதையெல்லாம் தனுஷனுக்குச் சொன்னவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அவன் பங்குக்கு அவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு அவள் வரமாட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். வந்தாள். கையில் கிற்றார் இல்லை. றஜிந்தனை அவள் பார்க்கவே இல்லை. நேரே யாகப்புவிடம் போனாள்.

“யாகப்பு அண்ணை, உங்களுக்கும் தெரியுமோ?”

“ஓம் தங்கச்சி.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“பிலோமினாவை அடக்கம் பண்ணின கிழமை நீ எனக்கு என்ன சொன்னனி எண்டு ஞாபகம் இருக்கோ?”

றெபேக்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அது அவள் முகத்தில் தெரிந்தது. “இல்லை,” என்றாள்.

“அதுதான்,” என்றார் யாகப்பு.

அவள் திரும்பித் தனுஷனிடம் கையை நீட்டினாள். “கிற்றாரைத் தா.”

கொடுத்தான். அவள் நின்றபடியே வாசித்தாள். அன்றைக்கு அவன் வாசித்த அதே மெதுவான புளூஸ். அவள் ஒன்றும் காட்டவேண்டும் என்று வாசிக்கவில்லை. ஒரு சட்டையை உடுத்துப் பார்ப்பது மாதிரி, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் தொட்டுப் பார்த்தாள். குமிழைக் குறைத்தாள், சத்தம் தெளிந்தது. கூட்டி ஓங்கினாள், கொட்டிலின் தகரம் அதிர்ந்தது. அம்ப்புக்குள்ளிருந்து வந்தது அவள் சித்திரையிலிருந்து வாயால் சொல்லிக்கொண்டிருந்த அதே சத்தம். றஜிந்தன்கூடப் போனை எடுக்கவில்லை.

நிறுத்தினாள். “சரியாத்தான் தெரிஞ்செடுத்திருக்கிறன்,” என்றாள்.

தனுஷன் கிட்ட வந்தான். “நாளைக்கே கழட்டித் தாறன் அக்கா. தில்லையண்ணையிட்டைக் குடுத்து…”

“வேண்டாம். உன்ரை கை பட்டதை என்ரை கிற்றாரிலை போடமாட்டன்.”

கிற்றாரை அவன் கையில் தராமல் நாற்காலியில் சாத்தி வைத்தாள். யாகப்புவிடம் மட்டும், “போட்டு வாறன் அண்ணை,” என்றாள். படலை சாத்திய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் அந்தக் கொட்டிலுக்கு வரவில்லை. எந்த மேடையிலும் ஏறவில்லை. விடுதிக்காரர்கள் இரண்டு தரம் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

குழு நிற்கவில்லை. பாட ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். தனுஷன் முதல் கிற்றார் ஆனான். ஆசைப்பட்டது அதுதானே. வாசித்தான், சனம் கைதட்டியது. இடைக்கிடை பின்வரிசையிலிருந்து யாராவது, “காந்தம்!” என்று கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். வீடியோவில் றெபேக்காவைப் பார்த்துச் சிரித்து முடித்த ஊருக்கு இப்போது மிஞ்சியிருந்தது அவன். மிரியம்கூட ஒருநாள், ஒரு பாட்டை அவன் சரியாகப் பிடிக்காதபோது, “ஏன், இண்டைக்குக் காந்தம் வேலை செய்யேல்லையோ?” என்றாள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் தன்னுடைய பழைய பிக்கப்புகளை அவனே மாற்றிப் பூட்டி வாசித்துப் பார்த்தான். நன்றாக இல்லை என்று பட்டது. உண்மையாகவே நன்றாக இல்லையா, நன்றாக இருக்காது என்று நினைத்துக்கொண்டு கேட்டதாலா? தெரியவில்லை. திரும்பவும் மாற்றினான். மாற்றும்போது ஒரு வயர் விட்டுப்போய்விட்டது. தில்லைநாதனிடம் கொண்டுபோனான்.

தில்லைநாதன் சோல்டரைச் சூடாக்கினார். அவரும் கொஞ்சம் மெலிந்திருந்தார்.

“தம்பி, ஒரு விசயம்,” என்றார். “அண்டைக்கு அந்தப் பிள்ளையின்ரை கிற்றாரைத் திறக்கேக்கை வொலியூம் குமிழ் ரெண்டும் உப்புக் காத்துக்குச் செத்துப்போய்க் கிடந்தது. கையோடை நல்ல குமிழா ரெண்டு போட்டனான். பழைய பிக்கப்பு தந்தியை முட்டுற மாதிரி நிண்டது. அதையும் இறக்கி விட்டனான். அப்பிடிச் செய்தால் சத்தம் திறக்கும். கலங்கல் குறையும்.”

தனுஷன் விளங்காதவன் போலப் பார்த்தான்.

“அவ கேட்டது பொய்யில்லையடா. மாறித்தான் இருந்தது. பிக்கப்பாலை எண்டு நினைச்சிட்டா, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை இப்ப தன்ரை காதையே நம்புறேல்லையாம், கிற்றாரைத் தொடுறேல்லையாம். எனக்கு அவவின்ரை முகத்திலை முழிக்க ஏலாது. நீ ஒருக்காப் போய்ச் சொல்லிவிடு.”

“ஓம்,” என்றான் தனுஷன். சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தான். அதில் ஐயமில்லை.

மாரிமழை விட்டிருந்த ஒரு காலை, கடைக்குப் போகும் வழியில் பாமசியில் இறங்கினான். றெபேக்காவைத் திரும்பவும் முன்னுக்கு விட்டிருந்தார்கள். ஒரு கிழவருக்கு மாத்திரைகளைக் கடித உறையில் போட்டு, காலை, இரவு என்று எழுதிக்கொண்டிருந்தாள். தலைமயிர் முன்பக்கம் நரைத்திருந்தது. கிழவர் போனபின் அவனைப் பார்த்தாள்.

“டொக்டர் தந்த மருந்துத் துண்டு இருக்கோ?”

“இல்லை அக்கா. ஒரு கதை கதைக்கோணும்.”

அவள் காத்திருந்தாள். தில்லைநாதன் சொன்னதைத்தான் முதலில் சொல்ல அவன் நினைத்து வந்தான். வழியெல்லாம் அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். வாய் திறந்தபோது வேறொன்று வந்தது.

“அண்டைக்கு நீங்கள் சொன்னது. நிண்டு வாசிச்சனி எண்டு. அது பிக்கப்பாலையோ, இல்லை நானோ? உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒராள்தான் சொல்லலாம்.”

றெபேக்கா பேனாவை மூடினாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

“எனக்குக் காது இல்லையெண்டு ஊர் முழுக்கக் காட்டினது நீங்கள்தானே,” என்றாள். “காதில்லாதவளிட்டை வந்து கேட்டு என்ன செய்யப்போறாய்?”

“அக்கா, அப்பிடி இல்லை…”

“பின்னாலை ஆள் நிக்குது.”

திரும்பிப் பார்த்தான். கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். தனுஷன் அசையவில்லை. தில்லைநாதனின் வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வசனம். உங்கடை காதிலை பிழையில்லை, குமிழ் மாத்தினவர். சொல்லிவிட்டால் இன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய்க் கிற்றாரை எடுப்பாள். வருகிற ஆவணியில் விடுதியில் நிற்பாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்று உரசிக்கொண்டிருப்பான், பதில் தெரியாமலே.

“ஒரு பனடோல் காட்,” என்றான்.

மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

அந்தக் கிழமை பருத்தித்துறையில் ஒரு கலியாணம். அதற்கு முதல்நாள் சந்தியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது தில்லைநாதன் கடையிலிருந்து இறங்கி வந்தார். அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“சொன்னனியே, தம்பி?”

“ஓம் அண்ணை. சொன்னனான்.”

“என்ன சொன்னவ?”

தனுஷன் மிச்சத் தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, கிளாசை மேசையில் வைத்தான்.

“ஒண்டும் சொல்லேல்லை,” என்றான். “அவவுக்கு இப்ப உதிலை விருப்பமில்லையாம்.”

தில்லைநாதன் பெருமூச்சு விட்டார். “சரி, அறிஞ்சிட்டா, அது காணும்,” என்று சொல்லிக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனார். அவருடைய நடையிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. தனுஷன் ஹெல்மற்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.